"அதான் எல்லாம் முடிஞ்சிருச்சே, இன்னும் என்ன அழுகை?" - கேன்சர் சிகிச்சைக்குப் பிறகு வரும் மனச்சோர்வு

கேன்சர் சிகிச்சை நடக்கும் மாதங்களில் ஒரு வீட்டுக்குத் தனிக் காலண்டரே உண்டு. 21 நாளுக்கு ஒரு கீமோ என்றால், அதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை. வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தால் ஒரு வாரம் தள்ளிப்போகும். ரேடியேஷன் என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் ஆஸ்பத்திரி. யார் கூடப் போவது, பிள்ளைகளை ஸ்கூலிலிருந்து யார் கூட்டி வருவது, அடுத்த தவணைக்கு எந்த நகையை வைப்பது என்று மொத்தக் குடும்பமும் அந்தக் காலண்டரைச் சுற்றியே ஓடும். நோயாளிக்கும் அதில் ஒரு வேலை இருக்கும். தாங்கிக்கொள்கிற வேலை.

ஒருநாள் எல்லாம் முடியும். டாக்டர் ஃபைலைப் புரட்டிவிட்டு, "நல்லா இருக்கு. மூணு மாசம் கழிச்சு வாங்க" என்பார். வீட்டில் பால் பாயசம். குலதெய்வத்துக்குப் பொங்கல். உறவினர்கள் போனில் வாழ்த்துவார்கள். அடுத்த வாரத்திலிருந்து அவரவர் வேலை அவரவருக்கு. அந்த மூன்று மாதத்தில்தான் சிலருக்கு வேறொன்று தொடங்குகிறது. காலையில் எழ முடிவதில்லை. டி.வி ஓடிக்கொண்டிருக்கும், கண்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். காரணமில்லாமல் அழுகை வரும். அல்லது அழுகைகூட வராது. கேட்டால், "ஒண்ணுமில்லை" என்ற பதில்தான்.

வீட்டாருக்கு இது புரிவதில்லை. மொட்டைத் தலையோடு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோதுகூட தைரியமாக இருந்தவர், முடியெல்லாம் வளர்ந்த பிறகு ஏன் இப்படி?

முடிந்த பிறகு ஏன்?

வீடு தீப்பிடித்தால் யாரும் உட்கார்ந்து அழுவதில்லை. தண்ணீரைத்தான் தேடுவார்கள். எரிந்துபோனது என்னென்ன என்று எண்ணிப் பார்ப்பது தீ அணைந்த பிறகுதான். கேன்சரிலும் கிட்டத்தட்ட அதுதான் நடக்கிறது. இழந்த மார்பகம், மாறிப்போன குரல், அடகில் இருக்கும் நகை, பாதியில் நின்ற வேலை எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருவது சிகிச்சை முடிந்த ஓய்வில்தான்.

இன்னொன்றும் உண்டு. சிகிச்சைக் காலத்தில் வாரத்துக்கு ஒருமுறையாவது ஒரு டாக்டரோ நர்ஸோ உடம்பைப் பார்த்துவிடுவார்கள். காத்திருக்கும் ஹாலில் பக்கத்து நாற்காலிக்காரர் சிநேகமாகியிருப்பார். "உங்களுக்கு எத்தனையாவது கீமோ?" என்று தொடங்கிய பேச்சு, பேத்தியின் காதுகுத்து வரை போயிருக்கும். ஒரே நாளில் அந்த வளையம் மொத்தமும் விலகிவிடுகிறது. மிச்சமிருப்பது பயம். தலை வலித்தால் மூளைக்குப் பரவிவிட்டதோ, முதுகு வலித்தால் எலும்புக்கு வந்துவிட்டதோ என்ற பயம். ஸ்கேன் தேதி நெருங்க நெருங்கத் தூக்கம் போகும். சிகிச்சையின்போது பழகியவர் இறந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் தகவல் வந்தால், அன்றைக்கு வீட்டில் சாப்பாடு இறங்காது.

இதற்கு நடுவில் நாம் எல்லோரும் மனதில் வைத்திருக்கும் 'கேன்சரை வென்றவர்' படம் வேறு. 2012 செப்டம்பர் 11 அன்று சென்னை சேப்பாக்கத்தில் நியூசிலாந்துக்கு எதிராக டி20 ஆடக் களமிறங்கினார் யுவராஜ் சிங். கீமோதெரபி முடித்த அதே ஆண்டில் இந்திய ஜெர்சியில் திரும்பி வந்தவரைப் பார்த்து ஸ்டேடியமே எழுந்து நின்றது. மறக்க முடியாத காட்சிதான். ஆனால், கேன்சர் வந்தவர்கள் எல்லோரிடமும் நாம் அந்த சேப்பாக்கம் காட்சியை எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டோம். ரேஷன் கடை வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறவரிடமும்.

துக்கமா, நோயா?

'டிப்ரஷன்' என்ற சொல்லை நாம் ரொம்ப மலிவாகச் செலவழிக்கிறோம். மேட்ச் தோற்றால் டிப்ரஷன், போன் கீழே விழுந்தால் டிப்ரஷன். அதனாலேயே உண்மையான மனச்சோர்வு வந்தவர் அதே சொல்லைச் சொல்லும்போது யாரும் காதில் வாங்குவதில்லை.

டாக்டர்கள் பார்க்கும் கணக்கு இது. நாளின் பெரும்பகுதி, அநேகமாக எல்லா நாளும், குறைந்தது இரண்டு வாரத்துக்கு மனம் தாழ்ந்தே இருக்கிறதா? முன்பு பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லாமல் போய்விட்டதா? இந்த இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். கூடவே தூக்கம், பசி, களைப்பு, கவனம் சிதறுவது, பேச்சும் அசைவும் மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைப்பு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். 'பி.ஹெச்.க்யூ-9' என்ற ஒன்பது கேள்விப் படிவம் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. தமிழிலும் உண்டு. மொத்த மதிப்பெண் 27. பத்துக்கு மேல் போனால் டாக்டர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து விசாரிப்பார். அது வடிகட்டும் சல்லடைதான். நோய் உண்டா இல்லையா என்று முடிவு செய்வது நேரில் பேசிப் பார்க்கும் மருத்துவர்.

கேன்சர் விஷயத்தில் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. களைப்பு, பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை கீமோவின் மிச்சமாகவும் இருக்கலாம். அதனால் அனுபவமுள்ள மருத்துவர்கள் இவற்றைவிட மற்றவற்றை உற்றுக் கேட்பார்கள். உடம்பு களைத்திருக்கும் ஒருவர் பேரன் வந்தால் மலர்ந்துவிடுவார். மனச்சோர்வு இருப்பவருக்கு பேரன் வந்ததும் ஒன்றுதான், போனதும் ஒன்றுதான். 'என்னால இவங்க எல்லாருக்கும் பாரம்' என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறதா என்பது இன்னொரு முக்கியமான தடயம். வைத்தியத்துக்காக நிலத்தை விற்ற வீடுகளில் இந்த எண்ணம் முளைக்க ஒரு வார்த்தைகூடத் தேவையில்லை.

மனம் என்று முடிவுகட்டுவதற்கு முன்னால் உடம்பையும் பார்க்க வேண்டும். கழுத்துப் பகுதியில் ரேடியேஷன் வாங்கியவர்களுக்கு மாதங்கள், வருடங்கள் கழித்துக்கூட தைராய்டு சுரப்பு குறையலாம். அது அச்சு அசலாக மனச்சோர்வு போலவே இருக்கும்: மந்தம், களைப்பு, எதிலும் ஒட்டாத மனம். ரத்தசோகையும் அப்படித்தான். இரைப்பையை எடுத்தவர்களுக்கு வைட்டமின் பி12 குறையும். கீமோவால் ஐந்து பத்து வருடம் முன்கூட்டியே மாதவிடாய் நின்றுபோன பெண்களுக்கு உடம்பு திகுதிகுவென எரிந்து, இரவுத் தூக்கம் கெட்டு, மனமும் சரியும். புராஸ்டேட் கேன்சருக்கு ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளும் ஆண்களுக்கும் இந்தச் சரிவு வரலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் பிடிபடக்கூடிய தைராய்டுக் குறைவை, 'மனசு பலவீனம்' என்று நினைத்து மாதக்கணக்கில் சுமப்பது அநியாயம்.

"இப்படி அழுதா, திரும்ப வந்துரும்!"

மனச்சோர்வைப் பற்றி வாய் திறக்கவிடாமல் செய்வது இந்த ஒரு வாக்கியம்தான். பாசத்தில் சொல்வதுதான். "பாசிட்டிவா இரு, நெகட்டிவா நினைச்சா நோய் திரும்பிடும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், யூடியூபிலும் சொல்வார்கள். கேட்பவருக்கு என்ன ஆகும்? ஏற்கெனவே அழுகை வருகிறது. இப்போது அழுவதற்கும் பயம். நோய் திரும்பினால் அதற்குக் காரணமும் தானே என்ற குற்ற உணர்வு. ஆகவே, சிரித்தபடி இருக்கக் கற்றுக்கொள்கிறார். குளியலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழக் கற்றுக்கொள்கிறார்.

இந்த நம்பிக்கையை ஆராய்ச்சியாளர்கள் சோதித்திருக்கிறார்கள். தலை, கழுத்துப் பகுதி கேன்சர் வந்த 1,093 பேரை வைத்து ஜேம்ஸ் காய்ன் என்ற உளவியலாளரின் குழு செய்த ஆய்வு 2007-ல் வெளியானது. மனநிலை நன்றாக இருந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்களா என்று பார்த்தார்கள். அப்படி எந்தத் தொடர்பும் தெரியவில்லை. அழுததால் கேன்சர் வருவதில்லை. சிரித்ததால் போவதும் இல்லை.

மனச்சோர்வால் வரக்கூடிய நிஜமான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஐந்து வருடமோ பத்து வருடமோ தினமும் போட வேண்டிய ஹார்மோன் மாத்திரையை, "இதைப் போட்டு என்ன ஆகப்போகுது" என்று விட்டுவிடுவது. ரிவ்யூ தேதியைத் தவறவிடுவது. சாப்பாட்டைக் குறைப்பது. விட்ட சிகரெட்டையும் குடியையும் திரும்பத் தொடுவது. மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்ப்பது என்பது, பார்த்து முடித்த கேன்சர் வைத்தியத்தைக் காப்பாற்றுவதும்கூட.

பந்தியில் உட்காராதவர்

தமிழ்நாட்டில் வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பலருக்கு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. கல்யாண வீட்டுக்குப் போவார்கள், மொய் எழுதுவார்கள், பந்திக்கு முன்னால் கிளம்பிவிடுவார்கள். வாய் முழுதாகத் திறக்காது. சாப்பிடும்போது ஒழுகும். நாலு பேர் பார்ப்பார்கள். அப்புறம் மொய் எழுதவும் வேறு யாரையாவது அனுப்புவார்கள். புகையிலை போட்ட பழக்கம் இருந்தவர் என்றால், "தானா இழுத்துக்கிட்டது" என்ற பேச்சும் காதில் விழும். ஆண் என்பதால் அழக் கூடாது. அதனால் அவருடைய மனச்சோர்வு எரிச்சலாக, கோபமாக, பாட்டிலாக வெளியே வரும். வீட்டில் இருப்பவர்களுக்கு அது நோய் என்றே தோன்றாது. "நோய்க்கு அப்புறம் அவர் குணமே மாறிப்போச்சு" என்பார்கள்.

மார்பகம் எடுக்கப்பட்ட பெண், கணவன் அறைக்குள் வரும்போது விளக்கை அணைக்கிறார். இருவருமே அதைப் பற்றிப் பேசுவதில்லை. அவர் நோகக் கூடாது என்று இவரும், இவர் நோகக் கூடாது என்று அவரும் விலகி விலகிப் படுக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் எடை, பிரஷர், சர்க்கரை எல்லாவற்றையும் கேட்பார்கள். இதை மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை. நீங்களாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வயிற்றில் பை வைத்து மலம் வெளியேறும்படி செய்துகொண்டவர் பஸ் பயணத்தையே விட்டுவிடுகிறார். லுகேமியாவிலிருந்து மீண்ட இளைஞருக்கு வரன் பார்க்கும்போது, அதைச் சொல்வதா வேண்டாமா என்று வீட்டில் தினமும் சண்டை. நோய் போய்விட்டது. நோய் வந்த செய்தி போகவில்லை.

ஆறில் ஒருவர்

இது எத்தனை பேருக்கு வருகிறது? 14 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட கேன்சர் நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2011-ல் 'லான்செட் ஆன்காலஜி' இதழில் வந்தது. சுமார் ஆறில் ஒருவருக்கு மருத்துவ ரீதியான மனச்சோர்வு இருந்தது. அப்படியென்றால் ஆறில் ஐந்து பேருக்கு இல்லை. கேன்சர் வந்தால் மனச்சோர்வு வருவது 'சகஜம்' என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கும் இதே கணக்குதான் ஆதாரம்.

'சகஜம்தானே' என்று டாக்டரும் நினைத்து, நோயாளியும் நினைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை ஸ்காட்லாந்து காட்டியது. அங்கே கேன்சர் சிகிச்சைக்கு வந்த 21,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2014-ல் வெளியானது. மனச்சோர்வு இருந்தவர்களில் 73 சதவிகிதம் பேருக்கு அதற்கான சரியான சிகிச்சை கிடைத்திருக்கவில்லை. இலவச மருத்துவம் உள்ள நாட்டில் இந்த நிலை.

அதே ஆண்டு அங்கிருந்தே ஆறுதலான செய்தியும் வந்தது. கேன்சரோடு மனச்சோர்வும் இருந்த 500 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினரைப் பற்றி அவர்களுடைய டாக்டர்களுக்குத் தகவல் மட்டும் சொல்லி, வழக்கமான கவனிப்பில் விட்டார்கள். இன்னொரு குழுவுக்குப் பயிற்சி பெற்ற கேன்சர் நர்ஸ்களும் மனநல மருத்துவர்களும் சேர்ந்து பேச்சு சிகிச்சையும் தேவைப்பட்ட மாத்திரைகளும் கொடுத்து, விடாமல் பின்தொடர்ந்தார்கள். 24 வாரம் கழித்துப் பார்த்தபோது, பின்தொடரப்பட்ட குழுவில் 62 சதவிகிதம் பேருக்கு மனச்சோர்வின் தீவிரம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்திருந்தது. மற்ற குழுவில் 17 சதவிகிதம் பேருக்குத்தான்.

யாரிடம் போவது?

முதலில் சொல்ல வேண்டியது உங்கள் கேன்சர் டாக்டரிடம். ரிவ்யூவில் கிடைப்பது சில நிமிடங்கள். அதில் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு, எழும்போது "மனசும் கொஞ்சம் சரியில்லை டாக்டர்" என்றால் அது காற்றோடு போய்விடும். உட்கார்ந்ததுமே சொல்லுங்கள். "ரெண்டு வாரத்துக்கு மேல எதிலயும் மனசு ஒட்டலை. தூக்கம் இல்லை. இதுக்கு யாரைப் பார்க்கணும்?" என்று ஒரு சீட்டில் எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் செருகிவைத்தால் இன்னும் நல்லது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் டாக்டரே படித்துக்கொள்வார்.

கேன்சர் நோயாளிகளின் மனதைக் கவனிப்பதற்கென்றே 'சைக்கோ ஆன்காலஜி' என்று ஒரு துறை இருக்கிறது. அமெரிக்காவின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் 1977-ல் இதற்கான பிரிவுக்குப் பொறுப்பேற்ற டாக்டர் ஜிம்மி ஹாலண்ட் என்ற பெண் மனநல மருத்துவர்தான் இந்தத் துறையை வளர்த்தவர். அவருடைய கணவர் கீமோதெரபி முன்னோடிகளில் ஒருவர். கணவர் கட்டியை அளந்துகொண்டிருந்த காலத்தில், மனைவி நோயாளியின் மனதை விசாரிக்க ஆரம்பித்தார். சென்னையில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கப்பட்ட அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டிலும் சைக்கோ ஆன்காலஜி துறை இயங்குகிறது. பெரிய தனியார் கேன்சர் மருத்துவமனைகள் சிலவற்றிலும் இதற்கான ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் மருத்துவமனையில் அப்படியொரு பிரிவு இல்லையென்றால்? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பார்க்கலாம். மாத்திரைகளுக்குக் காசில்லை.

மனநலப் பிரிவு என்றதும் கால் பின்வாங்குவது ஏன் என்பதும் தெரிந்ததுதான். 1794-ல் தொடங்கப்பட்ட கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் பெயரை வைத்து எத்தனை சினிமா காமெடி பார்த்திருப்போம்! அந்தச் சிரிப்பின் விலையைத்தான், "என்னைப் பைத்தியம்னு சொல்றீங்களா?" என்று கேட்கும் நோயாளி இன்றைக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறார். மனச்சோர்வுக்காக வருபவர்களில் பெரும்பாலானோர் வெளிநோயாளியாக வந்து, மாத்திரை வாங்கிக்கொண்டு, அன்றைக்கே பஸ் பிடித்து ஊருக்குப் போகிறவர்கள்தான்.

மூன்று பேரை இங்கே குழப்பிக்கொள்ள வேண்டாம். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ் முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர், மாத்திரை எழுதக்கூடியவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத மாட்டார். பேச்சு சிகிச்சையில் பயிற்சி பெற்றவர், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருப்பார். 'கவுன்சலர்' என்ற போர்டை மாட்டிக்கொள்வது சுலபம் என்பதால், படிப்பு என்ன என்று கேட்டுவிட்டு உட்காருவதில் தவறில்லை. லேசான மனச்சோர்வுக்குப் பேச்சு சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். தீவிரமானதற்கு இரண்டும் தேவைப்படும்.

வெளியே கிளம்பவே தெம்பில்லை என்றால் போன் இருக்கிறது. மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழக அரசின் 104 எண்ணிலும் மனநல ஆலோசனை உண்டு. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், அடுத்த ரிவ்யூ தேதி வரை காத்திருக்கக் கூடாது. அந்த நிமிடமே இந்த எண்களில் ஒன்றையோ, சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தையோ (044-24640050) அழைக்கலாம். அல்லது பக்கத்திலிருக்கும் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகலாம். அப்படிச் சொல்பவரை வீட்டார் தனியாக விடக் கூடாது. வீட்டில் சேர்ந்துகிடக்கும் வலி மாத்திரைகளையும் தூக்க மாத்திரைகளையும் எடுத்துப் பூட்டிவைக்க வேண்டும்.

முதல் நாள் என்ன கேட்பார்கள்?

சினிமாவில் வருவதுபோல சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து பெண்டுலம் ஆட்ட மாட்டார்கள். எப்போது தூங்கப் போகிறீர்கள், எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, பசி எப்படி, முன்பு எப்போதாவது இப்படி இருந்திருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, குடிப்பழக்கம் உண்டா, வீட்டில் யார் யார், கடன் எவ்வளவு என்று பேச்சு போகும். "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்றும் நேராகவே கேட்பார்கள். பதற வேண்டியதில்லை. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பலருக்கு, அதை வாய்விட்டுச் சொல்ல ஓர் இடம் கிடைத்ததே பாரத்தைக் குறைக்கிறது.

கொஞ்ச நேரமாவது குடும்பத்தார் இல்லாமல் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. 'எனக்கு இனி வாழ ஆசையில்லை' என்பதை மகளை வைத்துக்கொண்டு எந்த அம்மாவும் சொல்ல மாட்டார். 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் ரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. உடல் நோய்க்குத் தருவதைப் போலவே மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால், பெரும்பாலான பாலிசிகள் அட்மிட் ஆனால்தான் பணம் தரும். வெளிநோயாளி கட்டணம் கிடைக்குமா என்று பாலிசியில் பார்த்துக்கொள்வது நல்லது.

பேச்சு சிகிச்சை என்றால் அறிவுரை இல்லை. மனச்சோர்வில் இருப்பவர் ஒவ்வொரு வேலையாக விட்டுக்கொண்டே வருவார். கோலம் போடுவது நிற்கும், பிறகு வாசலுக்கு வருவதும் நிற்கும். செய்வது குறையக் குறைய மனம் இன்னும் சுருங்கும். அந்தச் சுழலைத் திருப்ப, ஆசை வரட்டும் என்று காத்திருக்காமல், சின்ன வேலை ஒன்றை நேரம் குறித்துச் செய்யவைப்பார்கள். நாளை காலை ஏழு மணிக்குத் தெருமுனை வரை ஒரு நடை, அவ்வளவுதான். மலைபோலத் தெரியும் பிரச்னையை - உதாரணத்துக்குக் கடனை - யாருக்கு எவ்வளவு, எது அவசரம் என்று பிரித்துப் பார்க்கப் பழக்குவார்கள். கேட்க ரொம்ப சாதாரணமாகத்தான் இருக்கும். மேலே சொன்ன 62 சதவிகிதத்தில் இந்த இரண்டுக்கும் பங்கு உண்டு.

மாத்திரைகளில் கவனிக்க வேண்டியது

மனச்சோர்வு மாத்திரை என்றதும், "தூங்கிக்கிட்டே இருக்கணும், பழகிடும், வாழ்நாள் முழுக்க விடாது" என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. மனச்சோர்வு மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் ஒன்றல்ல. இவை போதை தருவதில்லை. ஆனால், இன்று போட்டு நாளை சரியாகவும் ஆகாது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சில நேரம் அதற்கும் மேல் ஆகும். முதல் சில நாள் குமட்டல், தலைவலி வரலாம். நிறைய பேர் நிறுத்திவிடுவது இந்த இடத்தில்தான். பலன் வருவதற்கு முன்னால் தொந்தரவு வந்துவிடுகிறது. "இது எனக்கு ஒத்துக்கலை" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். தாங்க முடியவில்லை என்றால் டாக்டரைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். சரியான பிறகும் சில மாதங்கள் தொடர வேண்டும், நிறுத்தும்போது படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மார்பகப் புற்றுநோய்க்காக 'டாமோக்ஸிஃபென்' சாப்பிடும் பெண்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். டாமோக்ஸிஃபென் உடம்புக்குள் போய், கல்லீரலில் ஒரு நொதியால் மாற்றப்பட்ட பிறகுதான் முழு வேகத்தில் வேலை செய்யும். பராக்ஸெட்டின், ஃப்ளூவாக்ஸெட்டின், புப்ரோபியான் போன்ற சில மனச்சோர்வு மருந்துகள் அந்த நொதியின் வேலையைக் கெடுக்கின்றன. அதனால் டாக்டர்கள் இவர்களுக்கு பெரும்பாலும் வென்லாஃபாக்ஸின், எஸ்சிட்டலோப்ராம் போன்ற வேறு மருந்துகளைத் தேர்ந்தெடுப்பார்கள். வென்லாஃபாக்ஸினுக்கு இன்னொரு லாபமும் உண்டு. உடம்பு திகுதிகுவென எரிவதையும் அது குறைக்கும். இதற்காக, ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். மனநல மருத்துவரிடம் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியையும், வீட்டில் உள்ள அத்தனை மாத்திரை அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் அள்ளிக்கொண்டு போனால் போதும். நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டால் அதையும் சேர்த்து.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை மனச்சோர்வைத் தீர்க்காது. அதுதான் பழகிப்போகும் ரகம்.

வீட்டில் இருப்பவர்கள்

"தைரியமா இரு" என்பதற்குப் பதிலாக என்ன சொல்வது? பெரும்பாலும் எதுவும் சொல்லத் தேவையில்லை. "ரொம்ப நாளா உங்க முகமே சரியில்லைம்மா, என்ன பண்ணுது?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை போனை எடுக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும். மனச்சோர்வில் இருப்பவரிடம் "வாங்க, சைக்கியாட்ரிஸ்ட்டைப் பார்க்கலாம்" என்றால் மறுப்பார். "தூக்கம் வரலைங்கிறீங்களே, அதுக்கு ஒரு டாக்டரைப் பார்த்துட்டு வருவோம்" என்றால் கிளம்புவார். அதில் பொய்யும் இல்லை.

பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் இது வரலாம். ஒன்றரை வருடம் ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையில் படுத்திருந்த கணவரையோ, லீவு முடிந்து வேலை போன மகனையோ யாரும் விசாரிப்பதில்லை. 14416 அவர்களுக்கும்தான்.

ஊரிலிருந்து வந்து போகிறவர்களுக்கு நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. கேன்சர் ரிவ்யூ மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மனநல மருத்துவர் ஆரம்பத்தில் இரண்டு வாரம், நான்கு வாரத்தில் வரச் சொல்வார். ஒவ்வொரு முறையும் சென்னைக்கோ மதுரைக்கோ வர முடியாமல் விட்டுவிடுகிறவர்கள் நிறைய பேர். முதல்முறை கேன்சர் மருத்துவமனையிலேயே பார்த்துவிட்டு, மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி வாங்கிக்கொண்டால், இடையில் வரும் ரிவ்யூக்களைச் சொந்த மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது மாதம் வரும்போது இரண்டு டாக்டரையும் ஒரே நாளில் பார்க்கும்படி தேதி போட்டுத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் மிச்சம்.